பக்கவாதத்துக்குப் பிறகு தள்ளாட்டம்: சமநிலையைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்தவர் வீட்டில் முதலில் கேட்பது "எப்ப நடப்பாரு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும்: எந்த இடத்தில் தடுமாறுகிறார், எதனால் தடுமாறுகிறார்? அது தெரியாமல் நடக்கவைத்தால், நடந்த சில நாளிலேயே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மறுபடி கட்டிலுக்கே திரும்பிவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்டாக வார்டிலும் வீடுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் படித்தாலும் சரி.

கை காலில் பலம் வந்துவிட்டது. பிறகும் ஏன் நிற்கும்போது தள்ளாடுகிறார்?

நிற்பது கால் மட்டும் செய்கிற வேலை இல்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தி மூளைக்கு மூன்று வழியாகப் போகிறது. கண் ஒன்று. காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னொன்று. உள்ளங்கால், கணுக்கால், முட்டி, இடுப்பு இவற்றிலிருந்து வரும் தொடு உணர்வும் மூட்டு உணர்வும் மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, சாய ஆரம்பிக்கும்போதே சரியான தசைக்குச் சரியான அளவில் மூளை கட்டளை அனுப்ப வேண்டும். இதில் எந்த இடத்தை வேண்டுமானாலும் பக்கவாதம் கெடுத்திருக்கலாம்.

மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முட்டி தாங்காமல் மடங்குகிறது, அது பலக்குறைவு. இரண்டாமவருக்குச் சிறுமூளையில் அடைப்பு. காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும். நிற்கவைத்தால் காலை அகட்டிக்கொண்டு, குடித்தவர் போல அலைவார். மூன்றாமவருக்குப் பலமும் உண்டு, சிறுமூளையும் நன்றாக இருக்கிறது, ஆனால் பாதம் தரையில் இருப்பதே தெரியாது. அவர் தலையைக் குனிந்து காலைப் பார்த்துப் பார்த்தே நடப்பார், இருட்டில் விழுவார். மூன்று பேருடைய சீட்டிலும் "தள்ளாட்டம்" என்று ஒரே சொல்தான் எழுதியிருக்கும். பயிற்சி மூவருக்கும் வேறு வேறு. முதலாமவருக்குக் கொடுக்கும் கால் பலப் பயிற்சியை மூன்றாமவருக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் காலம்தான் வீணாகும்.

சமநிலையைச் சோதிப்பது என்றால் என்ன? பிடிக்காமல் நிற்கிறாரா என்று பார்த்தால் போதாதா?

போதாது. அசையாமல் நிற்பது ஒரு திறமை. நின்றபடியே கையை நீட்டி அலமாரியில் டம்ளர் எடுப்பது, குனிவது, திரும்புவது இன்னொரு திறமை. பேத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது விழாமல் ஓர் அடி எடுத்துவைத்துச் சமாளிப்பது மூன்றாவது. முதலாவதில் நன்றாக இருப்பவர் மூன்றாவதில் மரம் போலச் சாய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதோடு, நிற்பதற்கு முன் உட்கார்ந்திருப்பதையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் உடம்பு நிலைக்காதவருக்கு, நிற்கும்போது காலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்ட்ரோக் வந்த மறுநாளே எழுப்பி நிற்கவைக்கலாமா?

"எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது" என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தோம். அதைச் சோதிக்க அவெர்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 5 நாடுகளில் 2,104 நோயாளிகள். முடிவு 2015-ல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடியும் அதிக நேரமும் எழுப்பி நடமாடவைக்கப்பட்டவர்கள், 3 மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். ஆக முதல் நாளில் அவசரம் கூடாது.

இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் படுக்கையிலேயே போட்டுவிடவும் கூடாது. டாக்டர் சரி என்றதும், பிரஷரைப் பார்த்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்காரவைப்பதுதான் முதல் சோதனை. பாதம் தரையில் படிய வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் உயரம் என்பதால் கால் தொங்கும், அதனால் ஒரு ஸ்டூல் வைத்துக்கொள்வோம். அப்போது நான் கவனிப்பது: நல்ல கை எதையாவது இறுக்கிப் பிடித்திருக்கிறதா, எந்தப் பக்கம் சரிகிறார், சரிவது அவருக்குத் தெரிகிறதா. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தெரிந்தால் திருத்தலாம். தெரியாவிட்டால் முதலில் தெரியவைக்க வேண்டும்.

"பெர்க் 38" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

கனடாவில் கேத்தரின் பெர்க் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடன் இருந்தவர்களும் முதியவர்களுக்காக உருவாக்கி 1989-ல் வெளியிட்ட சோதனை. பக்கவாதத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் சமநிலைச் சோதனைகளில் இதுவும் ஒன்று. மொத்தம் 14 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆகவே முழு மதிப்பெண் 56. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தால் போதும். 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

எளிதானதில் தொடங்கிக் கடினமானதை நோக்கிப் போகும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. பிடிமானம் இல்லாமல் 2 நிமிடம் நிற்பது. முதுகு சாயாமல் 2 நிமிடம் உட்கார்ந்திருப்பது. பொத்தென்று விழாமல் மெதுவாக உட்காருவது. ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாறுவது. கண்ணை மூடி 10 விநாடி நிற்பது. பாதங்களை ஒட்டிவைத்து 1 நிமிடம் நிற்பது. கையை முன்னால் நீட்டி எட்டுவது; 25 செ.மீ.க்கு மேல் தயங்காமல் எட்டினால்தான் முழு மதிப்பெண். தரையில் கிடக்கும் பொருளை எடுப்பது. பாதத்தை நகர்த்தாமல் இரு தோள் வழியாகவும் பின்னால் பார்ப்பது. நின்ற இடத்திலேயே முழு வட்டமாகச் சுற்றுவது. ஒவ்வொரு பக்கமும் 4 விநாடிக்குள். கால்களை மாற்றி மாற்றி ஸ்டூல் மேல் வைப்பது. 20 விநாடிக்குள் 8 முறை. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒரே கோட்டில் வைத்து 30 விநாடி நிற்பது. கடைசியாக ஒற்றைக் காலில் 10 விநாடிக்கு மேல் நிற்பது.

38 என்ற கூட்டுத்தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, 4-க்குக் கீழே எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே 38-ஐ இரண்டு பேர் முற்றிலும் வேறு வேறு காரணத்தால் வாங்கியிருப்பார்கள். ஒருவர் சுற்றும்போதும் திரும்பிப் பார்க்கும்போதும் மதிப்பெண் இழந்திருப்பார், இன்னொருவர் எழுவதிலும் உட்காருவதிலும் இழந்திருப்பார். நாளைக்குப் பயிற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது. கூட்டுத்தொகையில் இல்லை.

45-க்குக் கீழே போனால் விழுந்தே தீருவார் என்கிறார்களே?

45 என்ற எல்லை நிறைய இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக ஆபத்து கூடுகிறது என்பது சரி. ஆனால் 44 என்றால் விழுவார், 46 என்றால் விழமாட்டார் என்று கோடு போட முடியாது. பின்னால் வந்த ஆய்வுகளும் இந்த ஓர் எண்ணை வைத்து ஆளைப் பிரிக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. 30 மதிப்பெண்காரர் தன் நிலை தெரிந்து, ஆள் வரும்வரை காத்திருந்து எழுவார், விழமாட்டார். 48 மதிப்பெண்காரர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று ராத்திரி லைட் போடாமல் பாத்ரூம் போய் விழுவார்.

இன்னொன்று: போன மாதம் 38, இந்த மாதம் 40 என்றால் உடனே முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது. சோதிப்பவர் மாறினாலோ, அன்று அவர் சரியாகத் தூங்காமல் இருந்தாலோ 2, 3 மதிப்பெண் ஏறி இறங்கும். 5, 6 கூடினால்தான் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். 2 கூடியதற்காகச் சந்தோஷப்படுவதில் தவறில்லை, வாக்கரை மட்டும் அன்றைக்கே மூலையில் வைத்துவிடாதீர்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வரச் சொல்லி நேரம் பார்த்தார்கள். அது எதற்கு?

டைம்டு அப் அண்ட் கோ, சுருக்கமாக டக் என்போம். 1991-ல் போட்ஸியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர், அதற்கு முன்பிருந்த ஒரு சோதனையில் ஸ்டாப் வாட்சைச் சேர்த்து உருவாக்கியது. கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி, வந்து உட்கார வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமாகப் பிடிக்கும் ஸ்டிக் அல்லது வாக்கர் எல்லாம் இருக்கலாம். ஆள் மட்டும் பிடிக்கக் கூடாது. சுமார் 14 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். 30 விநாடிக்கு மேல் ஆனால் வீட்டுக்குள்ளேயே பல வேலைக்கும் துணை தேவைப்படும்.

எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். காரணம் விநாடிக் கணக்கு இல்லை, அந்தத் திரும்பும் இடம். நேராக நடக்கும்போது நன்றாக இருப்பவர்கள் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்கள். ஒரே இடத்தில் குட்டிக் குட்டியாக ஏழெட்டு அடி வைத்துத் திரும்புகிறாரா, வாதம் வந்த காலை ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் முறுக்குகிறாரா, வாக்கரை முதலில் திருப்பிவிட்டுக் கால் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். இன்னொரு இடம் கடைசியில். நாற்காலியைக் கண்டதும் அவசரப்பட்டு, இன்னும் ஓர் அடி இருக்கும்போதே உட்காரப் போவார்கள். வீட்டில் கட்டில் ஓரத்தில் வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். நாற்காலி விளிம்பு முட்டியின் பின்புறம் படும்வரை உட்காரக் கூடாது என்ற ஒரு பழக்கத்தை அன்றைக்கே ஆரம்பித்துவிடுவேன்.

நிற்கவே முடியாதவருக்கு இதெல்லாம் எப்படிச் செய்வது?

அவருக்கு பெர்க் வேண்டாம். 3, 4 என்று மதிப்பெண் போட்டு மனசைத்தான் உடைக்கும். தகவல் எதுவும் தராது. பக்கவாதத்துக்கென்றே பிரான்சில் 1999-ல் வந்த பாஸ் என்ற அளவுகோல் உண்டு. 12 வேலை, தலா 0 முதல் 3, மொத்தம் 36. படுத்தபடி வாதம் வந்த பக்கம் புரளுவது, நல்ல பக்கம் புரளுவது, படுக்கையிலிருந்து எழுந்து விளிம்பில் உட்காருவது, பிடிமானத்தோடு நிற்பது என்று கீழிருந்தே தொடங்கும். முதல் சில வாரங்களில் முன்னேற்றத்தைக் காட்ட இது மிகவும் பொருத்தம். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் உடம்பை எப்படித் தாங்குகின்றன என்பதைத் தனியாகப் பார்க்க 23 மதிப்பெண்ணுக்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. முழுக்க உட்கார்ந்த நிலையிலேயே செய்வது அது.

நல்ல கையாலேயே தள்ளித் தள்ளி வாதம் வந்த பக்கம் சாய்கிறார். நாங்கள் நிமிர்த்தினால் இன்னும் தள்ளுகிறார். பிடிவாதமா?

இல்லவே இல்லை. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

1985-ல் பெட்ரீஷியா டேவிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் இதை விவரித்து எழுதினார். "புஷர்" என்று எங்கள் துறையில் சொல்வோம். சாதாரணமாகப் பக்கவாதம் வந்தவர் சாயும்போது பயந்து நல்ல கையால் எதையாவது பிடித்து இழுத்துக்கொள்வார். இவர் நேர்மாறாக, நல்ல கையையும் காலையும் ஊன்றித் தள்ளி, பலமில்லாத பக்கமே விழப் போவார். நீங்கள் நேராக்கினால் கீழே தள்ளுவதாக நினைத்து எதிர்ப்பார்.

காரணத்தை ஜெர்மனியில் கார்நாத் குழுவினர் 2000-ல் காட்டினார்கள். இவர்களுக்கு "என் உடம்பு நேராக இருக்கிறது" என்ற உணர்வே சுமார் 18 டிகிரி விலகியிருந்தது. ஆனால் கண்ணால் பார்த்து "இந்தக் கோடு நேராக இருக்கிறது" என்று சொல்வதில் பிழை இல்லை. சிகிச்சைக்கு வழி இங்கேதான் திறக்கிறது. உடம்பின் உணர்வு பொய் சொல்கிறது, கண் உண்மை சொல்கிறது என்றால் கண்ணை நம்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்ப்பாரே, அது போல. கதவு நிலை, ஜன்னல் கம்பி, சுவர் மூலை, எதிரே நிற்கும் என் முன்கை, ஏதாவது ஒரு செங்குத்தான கோட்டைக் காட்டி, "இதோட ஒப்பிட்டுப் பாருங்க, நீங்க நேரா இருக்கீங்களா?" என்று கேட்பேன். முதலில் ஆச்சரியப்படுவார்கள். பிறகு அவர்களாகவே நல்ல பக்கம் இருக்கும் மேஜையைத் தொட நகர்வார்கள். நாம் இழுத்து நிமிர்த்துவதைவிட இது எவ்வளவோ நன்றாக வேலை செய்யும்.

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இரண்டு பேர் சேர்ந்தும் அவரைத் தூக்க முடியாமல், "ஒத்துழைக்கமாட்டேங்கிறார்" என்ற பெயரோடு பயிற்சியே நின்றுபோகும். கண்டுபிடித்துச் சரியாகக் கையாண்டால் பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் இந்தத் தள்ளுதல் மறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு புதிய நோயாளியையும் உட்காரவைத்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

கண்ணை மூடி நிற்கச் சொல்வது ஏன்? ஆபத்தில்லையா?

ஆள் பக்கத்தில் இருந்தால் ஆபத்தில்லை. கண்ணை மூடினால் மீதி இரண்டு செய்தி வழிகளில் எது வேலை செய்கிறது என்று தெரியும். தடித்த ஸ்பாஞ்சு மேல் நிற்கவைத்தால் பாதத்தின் செய்தி குழம்பும். அப்போது கண்ணும் காதும்தான் துணை. ஸ்பாஞ்சு மேல் நின்று கண்ணையும் மூடினால் காதின் சமநிலை உறுப்பு மட்டும் மிச்சம். இப்படி ஒவ்வொன்றாக மறைத்து, எது இல்லாமல் அவரால் சமாளிக்க முடியவில்லை என்று கண்டுபிடிக்கிறோம்.

வீட்டில் இந்தச் சோதனை தானாகவே தினமும் நடக்கிறது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுவது, கரண்ட் போவது, சாமி கும்பிடும்போது கண் மூடுவது. கண் மூடி நிற்பதில் மதிப்பெண் இழந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

நடக்கும்போது பேச்சுக்கொடுத்தால் நின்றுவிடுகிறார். கவனிக்க வேண்டிய விஷயமா?

ஆமாம். 1997-ல் ஸ்வீடனில் இருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. முதியோர் குடியிருப்புகளில் இருந்த 58 பேரில், நடக்கும்போது பேச்சுக்கொடுத்தால் நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதத்தில் விழுந்தார்கள். நடப்பதற்கே முழு மூளையும் வேண்டியிருக்கிறது, பேச மிச்சமில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அதனால் நடை நன்றாக வந்துவிட்டவரிடம் 100-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்வேன், இல்லை தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்பேன். நடை எவ்வளவு கெடுகிறது என்று பார்க்க.

அதுவரை ஒரு வேண்டுகோள்: அவர் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். போனையும் கொடுக்காதீர்கள்.

எழுந்து நின்றதும் கிறுகிறுவென்று வருகிறது என்கிறார். இதுவும் சமநிலைப் பிரச்சினைதானா?

பல நேரம் இது பிரஷர் இறங்குவது. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு 3 நிமிடத்துக்குள் ஒன்றிரண்டு முறை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையின் அளவையோ நேரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சுகர் இறங்குவது இவையும் தள்ளாட வைக்கும். சமநிலைச் சோதனைக்கு வரும்போது மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

ஆனால் நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று தலைசுற்றல், நிற்க முடியாத தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குழறல், முகம் கோணுதல், புதிதாகக் கை கால் மரத்தல் இவற்றில் ஏதாவது வந்தால் அது மறுபடியும் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். பித்தம், காதுக் கோளாறு என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வீட்டில் விழுகிறார். எப்படி?

இந்த அளவுகோல்களில் பலவும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உருவானவை. அவற்றில் இந்தியன் டாய்லெட் இல்லை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது இல்லை, வாளியில் குனிந்து மக்கால் தண்ணீர் மொள்ளுவது இல்லை.

ஓர் அம்மா. பெர்க்கில் 50. பாத்ரூமில் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டார். கம்பி பொருத்தியிருந்தார்கள், பாயும் போட்டிருந்தார்கள். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நான் போய், புடவையோடு எப்படி உட்காருகிறீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னேன். வெஸ்டர்ன் டாய்லெட் முன்னால் போய்த் திரும்பியதும் புடவையைத் தூக்கக் கம்பியை விட்டார். நல்ல கை ஒன்றுதான். அது புடவையில் இருக்கும்போது கம்பியில் யார் இருப்பது? திரும்பும் அந்த நேரத்தில் அவரிடம் பிடிமானமே இல்லை. நைட்டிக்கு மாறி, முதலில் திரும்பி நின்று, முட்டியின் பின்புறம் டாய்லெட்டில் பட்ட பிறகே துணியைத் தொடுவது என்று வரிசையை மாற்றினோம். அதற்குப் பிறகு அங்கே விழவில்லை. என் சோதனையில் துணியைக் கையில் பிடித்தபடி திரும்புவது அன்றிலிருந்துதான் சேர்ந்தது.

ஆண்களுக்கு இதே இடம் வேட்டியும் கைலியும். அவிழும்போது குனிந்து பார்த்து இரண்டு கையாலும் கட்டப் போவார்கள். ரப்பர் செருப்பு வாதம் வந்த காலிலிருந்து கழன்றுவிடும். கழன்றதே அவருக்குத் தெரியாது. வாசற்படியில் முன்பாதம் தட்டும். அதனால் முடிந்தவரை ஒரு சோதனையாவது வீட்டில், வீட்டு உடையில், அவர் உண்மையில் நடக்கும் வழியில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்து பார்க்க வசதி இல்லையே?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதுவும் அமையாவிட்டால், அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் போய்த் திரும்புவதை, பின்னால் ஓர் ஆள் காவலாக நிற்க, இன்னொருவர் போனில் வீடியோ எடுங்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நாங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா?

ஒற்றைக் காலில் நிற்பது, கண் மூடுவது, சுற்றுவது இவற்றை நீங்களாகச் செய்யவைக்க வேண்டாம். கவனிப்பதற்கு நிறைய இருக்கிறது. எழும்போது எத்தனை முறை முயற்சி செய்கிறார்? நடக்கும்போது சுவரையும் மேஜையையும் தொட்டுத் தொட்டுப் போகிறாரா? எந்த நேரத்தில் அதிகம் தள்ளாடுகிறார், காலையிலா சாயங்காலமா? தட்டில் ஒரு பக்கச் சோற்றை விட்டுவிடுகிறாரா, கதவு நிலையில் ஒரே பக்கத் தோள் இடிக்கிறதா? இடித்தால் அந்தப் பக்கம் இருப்பதையே மூளை கவனிக்காமல் இருக்கலாம்.

கூட நடக்கும்போது வாதம் வந்த பக்கம், கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். அந்தக் கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். தசை தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி கால் சரியான பிறகும் போகாமல் நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை விழுந்த பிறகு நடக்கவே மறுக்கிறார். சோதனையில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. குளிக்க, படி ஏற, கூட்டத்தில் நடக்க என்று 16 சூழ்நிலைகளில் எவ்வளவு தைரியம் இருக்கிறது என்று நூற்றுக்கு அளவு கேட்கும் கேள்வித்தாள் ஒன்று 1995-ல் வந்தது. நான் நம் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேட்பேன்: கோயில் கூட்டத்துக்குப் போவீங்களா, பஸ் படி ஏறுவீங்களா? உடம்பின் மதிப்பெண் கூடவும் தைரியம் குறைவாகவும் இருந்தால் அவருக்கு இன்னும் பயிற்சிக் கருவி வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் இருக்க, சின்னச் சின்ன வெற்றிகள் வேண்டும். உடம்பின் மதிப்பெண் குறைவாக இருந்து தைரியம் மட்டும் அதிகம் என்றால், அவரைத்தான் நான் அதிகம் கண்காணிப்பேன்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இனி சோதித்து என்ன ஆகப்போகிறது?

முதல் 3 மாதத்தில் வேகமாக முன்னேறுவது உண்மை. அதற்குப் பிறகு கதவு அடைத்துவிடும் என்பது உண்மை இல்லை. சமநிலைப் பயிற்சியால் பல மாதம், பல வருடம் கழித்தும் மதிப்பெண் கூடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. எடை தாங்காத பக்கத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகும். விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. பழைய பக்கவாதக்காரருக்கு இடுப்பு முறிவது இதனால்தான். முதல் சில வாரம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் நல்லது. விழுந்தாலோ, ஸ்டிக் மாற்றினாலோ, வீடு மாறினாலோ கணக்குப் பார்க்காமல் உடனே பார்க்க வேண்டும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

உடனே தூக்காதீர்கள். பேசுகிறாரா, எங்கே வலி, கால் ஒரு பக்கம் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு வலி இருந்தால் நிற்கவைக்காமல் ஆம்புலன்ஸ் வரட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எதுவும் இல்லை என்றால் அவரை முதலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு உட்காரவைத்து, முன்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு, அதில் நல்ல கையை ஊன்றி, நல்ல காலால் எழச் சொல்லுங்கள்.

எல்லாம் அடங்கியதும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்தப் பக்கம் விழுந்தார், என்ன செய்துகொண்டிருந்தார், கையில் என்ன இருந்தது, காலில் என்ன இருந்தது, லைட் எரிந்ததா, கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டார். அடுத்த முறை சோதனைக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். ஸ்டாப் வாட்சை எடுப்பதற்கு முன் நான் அதைத்தான் படிப்பேன்.